டார்பி நூனனின் தற்போதைய முகவரி

கோவில்பட்டியில் மழை பெய்யாத ஒரு செவ்வாய்க்கிழமை, அதாவது கோவில்பட்டியின் பெரும்பாலான செவ்வாய்க்கிழமைகளைப் போன்ற ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, முழங்கால் வரை நனைந்த கால்சட்டையும் கையில் ஒரு மரப்பெட்டியுமாக, அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் காணாமல் போன டார்பி நூனன் என்பவன் வடக்குப் புதுத்தெருவில் பதினான்கின் கீழ் மூன்றாம் எண் வீட்டு வாசலில் வந்து நின்று, இதுதான் தன் வீடு என்று சொன்னான். அவன் காணாமல் போய் அப்போது இருநூற்று எழுபது வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் குடியிருந்த செண்பகவடிவு வேலைக்குப் போயிருந்ததால், எதிர்வீட்டு ஆவுடையம்மாள் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்துவிட்டு, குடிக்க ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, "காலத் தொடச்சிட்டு உள்ள போங்க, அவ சுத்தக்காரி" என்று மட்டும் சொன்னாள்.

அவன் பேசியது எந்த மொழி என்பதில் தெருவில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. புரிந்தது என்பதில் இல்லை.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடலாம். அது அப்படியொன்றும் பெரிய காரணமில்லை. மளிகைக்கடை மாடியில் இருந்த ஓர் அலுவலகத்தில் பதினான்கு பெண்கள் உட்கார்ந்து, அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் மூதாதையரைத் தேடுவதற்காக அனுப்பும் பழைய தாள்களின் படங்களைப் பார்த்து, கப்பல் பட்டியல், கல்யாணப் பதிவு, குடும்ப பைபிளின் நடுப்பக்கத்தில் மை மங்கிக் கிடக்கும் பிறப்பு இறப்பு, எல்லாவற்றையும் கணினியில் கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் செண்பகவடிவு. நாற்பத்து மூன்று வயது, தனியாள், பன்னிரண்டு வருஷ அனுபவம். பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்கள் 's' எழுத்தை 'f' மாதிரி நீட்டி எழுதுவார்கள் என்பதையும், 1752 செப்டம்பரில் நாட்காட்டியைச் சரிசெய்யப்போய் ஆங்கிலேயர்கள் பதினொரு நாட்களை ஒரேயடியாகத் தொலைத்தார்கள் என்பதையும் அறிந்தவள். அறிந்ததோடு நில்லாமல், கேட்காதவர்களுக்கும் சொல்பவள். அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு விதிதான்: தாளில் இருப்பதை எழுது, மனதில் இருப்பதை எழுதாதே. விதி மீறப்படாமலிருக்க ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் திரையில் பச்சை விளக்கு எரியும், பிசகினால் மேற்பார்வையாளர் ஞானதிரவியத்தின் மேசைக்குப் போகும்.

அந்தத் திங்கட்கிழமை வடிவின் ஜோடியான மாரிக்கனி காதுகுத்துக்குப் போயிருந்தாள். வடிவே இரண்டு பேருடைய வேலையையும் பார்த்தாள். லோரெட்டா என்ற எண்பத்தொரு வயது அம்மாள் ஒஹாயோவிலிருந்து அனுப்பியிருந்த பைபிள் பக்கம் அது: டார்பி நூனன், பிறந்தது கில்கெனி, 1741இல் நாலு வருஷ அடிமை ஒப்பந்தத்தில் பென்சில்வேனியா வந்து சேர்ந்தது, 1754 வரை லாங்காஸ்டர் வட்டாரத்தில் இருந்தது, அதற்குப் பிறகு வசித்த இடம் என்று எழுதி, எதிரே இரண்டு விரற்கடை அளவுக்கு ஒன்றுமே இல்லை. கணினியோ கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. இப்படி மாட்டிக்கொள்ளும்போது தங்கள் சொந்த முகவரியைத் தற்காலிகமாகத் தட்டி வைத்துவிட்டு, பக்க எண்ணை நோட்டில் குறித்து, சாயங்காலம் திரும்ப வந்து அழிப்பது அந்தப் பெண்களின் வழக்கம். வடிவும் அப்படியே செய்தாள், இரண்டு பேருக்காகவும் இரண்டு முறை. நாலு மணிக்குக் கரண்ட் போனது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பதிவில் இருந்த முகவரியைத் தேடி மறுநாள் காலை டார்பி நூனன் வந்து சேர்ந்தான்.

ஆவுடையம்மாள் சொல்லியனுப்ப, மதியம் வீட்டுக்கு வந்த வடிவு, கூடத்து நாற்காலியில் ஈரக் காலோடு உட்கார்ந்திருந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள். பெயரைச் சொன்னான். பிறந்த ஊரைச் சொன்னான். கப்பலில் ஏறிய வருஷத்தைச் சொன்னான்.

"கப்பல் பட்டியல்ல உங்க வயசு பதினெட்டுன்னு இருக்கு, பைபிள்ல பத்தொம்பதுன்னு இருக்கு. எது சரி?" என்று கேட்டாள்.

"பதினெட்டுன்னாதான் கப்பல்காரன் ஏத்துவான்னாங்க."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு தட்டை எடுத்துவைத்தாள்.

வடக்குப் புதுத்தெரு அவனை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும். முதல் இரண்டு நாள், தனியாக இருக்கும் பொம்பளை வீட்டில் ஒரு ஆம்பளை வந்து தங்குவதாவது என்று தெருமுனைக் குழாயடியில் பேச்செழுந்தது உண்மை. மூன்றாம் நாள் ஆவுடையம்மாள் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, "அவருக்கு வயசு முந்நூறுட்டீ. முந்நூறு வயசுக்காரரப் போயி பேச ஒங்களுக்கு நாக்கு கூசல?" என்று கேட்டாள். கணக்குப் பார்த்தால் முந்நூற்று இரண்டு. பேச்சு அதோடு அடங்கியது. அவனைப் பார்த்தால் முப்பத்திரண்டு வயதுக்கு மேல் சொல்லமுடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு தெரு ஒரு வயதை முடிவு செய்துவிட்டால் முகத்துக்கு அங்கே வேலை இல்லை.

ரேஷன் கடை இயந்திரம் அவன் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு வெகுநேரம் யோசித்து, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் அணைந்துபோனது. கடைக்காரர் எழுந்து நின்று அதை ஒரு தட்டு தட்டிவிட்டு, அவனைத் தனக்குத் தெரியும் என்று கையால் எழுதிக்கொண்டார். பங்குச் சாமியார் ஞானஸ்நானச் சான்று கேட்டார்; கில்கெனியில் கொடுத்தது ஆற்றில் நனைந்துவிட்டது என்றான்; ஈரத்தை அவரே தொட்டுப் பார்த்துவிட்டுப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார். பிள்ளையார் கோவில் கமிட்டியும் சும்மா இருக்கவில்லை. அவன் தோள் அகலத்தைப் பார்த்துவிட்டு சப்பரம் தூக்க ஆள் எடுத்தது. கவுன்சிலர் ஒருநாள் வந்து, "தம்பி எந்த ஊரு, என்ன ஆளுக?" என்று மெதுவாக விசாரிக்க, நூனன், தன் அப்பன் பிறத்தியார் நிலத்தில் உழைத்ததையும், சொந்த நிலம் வாங்கும் உரிமை தன் மதத்துக்காரர்களுக்கு அந்த நாட்டில் இல்லாததையும் சொன்னான். கவுன்சிலர், "அங்கயுமா" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

அவன் கால்சட்டை மட்டும் காயவே இல்லை. கம்பு காயும், மிளகாய் வத்தல் காயும், தீப்பெட்டி ஆபீஸ் குச்சி ஒருமணி நேரத்தில் காயும் கரிசல் பூமியின் சித்திரை வெயிலில், கொடியில் போட்ட அந்தக் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே சொட்டிக்கொண்டே இருந்தது. வேட்டி கட்டிக்கொடுத்தார்கள். வேட்டியும் முழங்காலுக்குக் கீழே நனைந்தது. ஆவுடையம்மாள் சொட்டுகிற இடத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டுவைத்தாள்.

அவன் தண்ணீர் லாரிக்குப் பதினோரு வீட்டுக் குடங்களை வரிசையில் காத்தான். தொலைந்துபோன அந்தப் பதினொரு நாள்களைப் பற்றி அவனுக்குத் தீராத மனக்குறை இருந்தது. அதில் ஒன்று தன் பிறந்தநாள் என்றும், யாரோ அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் டீக்கடையில் சொல்லிச் சொல்லி, செப்டம்பர் மாதத்தைக் குறித்துத் தெருவுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வடிவு மதியம் வீட்டுக்குச் சாப்பிட வர ஆரம்பித்தாள். யாரும் கேட்காத தகவல்களை அவள் சொல்ல, அவன் கேட்டான். கேட்டதோடு இல்லாமல், "அது அப்படி இல்ல வடிவு" என்று மறுத்தான். நானூறு பேருடைய மரணத்தேதியைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒருத்திக்கு, உயிரோடிருக்கும் ஒருவன் எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேசுவது என்ன சுகம் என்பதை இங்கே விளக்க முடியாது. அவள் குழம்பில் உப்பு கூடியிருக்கிறது என்று அவன் சொன்ன அன்று, அவள் அலுவலகம் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.

ஆடி மாதம் ஞானதிரவியம் நோட்டைப் புரட்டி, "வடிவு, இந்தப் பக்கத்துல ஒங்க அட்ரஸ் இன்னும் அழிக்காம கெடக்கு" என்றார். வடிவு பக்கத்தைத் திறந்து, தான் பதிந்த இரண்டிலும் எழுத்துக்களை ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசி எழுத்து போனதும் கைபேசி அடித்தது.

"ஏட்டீ, நூனனக் காணும்" என்றாள் ஆவுடையம்மாள். "இப்பத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு, முருங்கக்காய உருவிக்கிட்டு. நாக்காலி மட்டும் கெடக்கு, ஈரமா."

வடிவு இரண்டிலும் முகவரியைத் திரும்பத் தட்டினாள்.

"இந்தா, இருக்காரு" என்றாள் ஆவுடையம்மாள். "முருங்கக்கா கையிலேயே இருக்கு. சரி, வை."

அதற்குப் பிறகு வடிவு அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. ஞானதிரவியம் கேட்டபோது, அழித்தாயிற்று என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அது அவள் அலுவலகத்தில் சொன்ன முதல் பொய். அதுவும் வாயால் சொன்னதுதான், எழுதியது இல்லை என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள்.

ஆவணி பிறந்து மூன்றாம் வாரம் ஒஹாயோவிலிருந்து கடிதம் வந்தது. லோரெட்டா அம்மாள் மிக மரியாதையாக எழுதியிருந்தார். நாற்பது வருஷமாகத் தன் மூதாதையின் கடைசி இருப்பிடத்தைத் தேடுவதாகவும், கோவில்பட்டி என்ற ஊரைப் பென்சில்வேனியாவின் எந்தப் படத்திலும் காணமுடியவில்லை என்றும், ஒருவேளை உதவுமோ என்று இதுவரை அனுப்பாத பின்பக்கத்தையும் படமெடுத்து இணைத்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை மாலையோடு தொகுப்பு மூடப்படுவதால் அதற்குள் சரிபார்த்துத் தந்தால் நல்லது என்றும் எழுதியிருந்தார். மூடிவிட்டால் யாரும் எதையும் மாற்ற முடியாது. வடிவு கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், நூனன் என்றென்றைக்கும் வடக்குப் புதுத்தெருக்காரன்.

பிறகு பின்பக்கத்தைப் படித்தாள். கை நடுங்காத, பழக்கமில்லாத, பெரிய பெரிய எழுத்து. அப்போதுதான் எழுதப் படித்தவளுடைய எழுத்து.

*என் கணவர் டார்பி அறுவடை முடிந்த மூன்றாம் நாள் ஆற்றைக் கடந்து மேற்கே போனார். நிலம் கிடைத்ததும் வருவதாகச் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் இருக்குமிடம் தெரிந்ததும் எழுதுவதற்காக எதிர்ப்பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். யாரும் அதில் எதையும் எழுதவேண்டாம். ஹன்னா நூனன்.*

வடிவு அதை இரண்டு முறை படித்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து மாரிக்கனியும் எட்டிப் படித்தாள். தன் தண்ணீர் பாட்டிலை வடிவு பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மதியம் நூனன் கத்திரிக்காயைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அவள் அந்த நாலு வரியையும் தாளில் பார்த்து எழுதிக்கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள். அவன் கை தட்டிலேயே நின்றது.

"அவளுக்கு எழுதத் தெரியாதே" என்றான்.

"கத்துக்கிட்டாக போலருக்கு. இதுக்காவ."

வெளியே அவனுடைய வேட்டி சொட்டுகிற சத்தம் கேட்டது.

"பொண்டாட்டி இருக்காகன்னு ஒரு வார்த்த சொல்லலியே நீங்க?" என்றாள் வடிவு. "வந்த அன்னிக்கே கேட்டேனே, ஒங்களுக்கு யாரும் இருக்காகளான்னு."

"இருக்காங்களான்னு கேட்ட. எந்த வருஷத்துலன்னு கேக்கல."

"இந்த வியாக்கியானமெல்லாம் எங்கிட்ட வேண்டாம். எத்தன பிள்ளைக?"

"மூணு. கடைசி பொண்ணு. பல்லு முளைக்கல அப்ப."

"முளச்சிருக்கும்" என்றாள் வடிவு. "போயிட்டு இருந்தீகளா, திரும்பி வந்துட்டு இருந்தீகளா? நான் முகவரி தட்டுன நேரத்துல?"

நூனன் கையைத் தட்டின் விளிம்பில் வழித்தான். தான் இறங்கிய சஸ்குவஹானா ஆறு அந்த மாசத்தில் முழங்காலளவுதான் ஓடும் என்றான். பாறை பாறையாகக் கிடக்கும் என்றான். "அப்பன் போன்னான், கப்பலேறினேன். கப்பல்காரன் ஒருத்தனுக்கு வித்தான், அவன் வீட்டுக்குப் போனேன். நாலு வருஷம் முடிஞ்சதும் வெளிய போன்னான், போனேன். எங்காலால நானா எடுத்து வச்சது அந்த ஆத்துல மட்டுந்தான். நடு ஆத்துல போனதும், இது சரியான்னு ஒரு யோசனை. நின்னுக்கிட்டே இருந்தேன். அப்பத்தான் நீ கூப்பிட்ட."

"நான் கூப்பிடல. கட்டம் காலியா இருந்துச்சு."

"அதத்தான் சொல்லுதேன்."

அவள் எழுந்துபோய் மோர் எடுத்துவந்தாள். ஊற்றும்போது, "இருக்கணுமா, போகணுமா? நீங்க சொல்லுங்க" என்றாள்.

"நீ சொல்லு வடிவு" என்றான் அவன். "நீ சொன்னா சரியா இருக்கும்."

நாலு மாதத்தில் முதல்முறையாக அவன் அவளை மறுக்கவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க அவள் விதிகளை யோசித்தாள். தாளில் இருப்பதை எழுதுவதென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவேண்டும். ஞானதிரவியத்திடம் சொன்னால் கணினியில் அந்தக் கட்டத்தின் பூட்டைத் திறந்து காலியாக விட அனுமதிப்பார். அதுதான் முறை. அப்படி விட்டால் அந்த மனிதன் எங்கே இருப்பான் என்பது அவளுக்குத் தெரிந்தது: முழங்கால் தண்ணீரில், பாறைகளுக்கு நடுவே, ஒரு காலை எடுத்து வைக்காமல், இன்னும் எத்தனை நூறு வருஷத்துக்கோ. காலியாக விடாமல், மாற்றாமல் விட்டால், தன் கூடத்தில். ஒருத்தி எழுதக் கற்றுக்கொண்டு, காகிதம் அரிதாயிருந்த காலத்தில், இரண்டு விரற்கடை அகலத்துக்கு இடம் விட்டுவைத்திருக்கிறாள். அந்த இடத்தில் வடிவு நாலு மாதமாகக் குடியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கிளம்பும்போது நூனன் கறிவேப்பிலைக் கன்றுக்கு அண்டை கட்டிக்கொண்டிருந்தான். "மத்தியானம் என்ன கொழம்பு?" என்று கேட்டான். "போய்ட்டு வாறேன்" என்றாள் அவள். கேள்விக்கு அது பதில் இல்லை என்பதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

பதினொரு மணிக்கு, மற்றவர்கள் டீக்கு எழுந்தபோது, அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தன் வீட்டு எண்ணை அழித்தாள். தெருப் பெயரை அழித்தாள். கோவில்பட்டியை அழித்தாள். கைபேசி அடிப்பதற்குள், தாளில் எங்கும் இல்லாத, எந்த ஆவணமும் சொல்லாத ஒன்றை, வட்டாரத்தின் பெயரை மட்டும் முன்பக்கத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் எடுத்து, எழுதினாள்: *லாங்காஸ்டர் வட்டாரம், மனைவி ஹன்னாவின் வீடு.*

கைபேசி அடிக்கவில்லை. அடிக்காததே அவளுக்கு விடையாயிற்று.

ஆனால் ஒருத்தி எழுதினால் போதாதே. இந்த முறை மாரிக்கனி லீவில் இல்லை. டீ குடித்துவிட்டு வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, அதே பக்கத்தைத் திறந்தாள்.

"என்னக்கா எழுதுன?"

"சொல்லக்கூடாது. விதி."

"ஆமா, பெரிய விதி" என்றாள் மாரிக்கனி. பின்பக்கத்துப் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தாள். முன்பக்கத்தைப் பார்த்தாள். வடிவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிறகு வழக்கத்தைவிட மெதுவாகத் தட்டினாள். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. ஒருத்தி எழுதினால் பொய். இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே பொய்யை எழுதினால் அதற்குப் பெயர் பதிவு. பெரும்பாலான வரலாறு இந்த முறையில்தான் கிடைத்திருக்கிறது என்று இதற்கு முன்பானால் வடிவு சொல்லியிருப்பாள். அன்று சொல்லவில்லை. அடுத்த படத்தைத் திறந்தாள். மேரிலாந்தில் ஒரு கல்யாணம், தெளிவான மை, இரண்டு பெயரும் முழுசாக இருந்தன, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மதியம் வீட்டுக்குப் போகவில்லை. ஆறு மணிக்குப் படியிறங்கி, தீப்பெட்டி ஆபீஸ் சைக்கிள்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து, வடக்குப் புதுத்தெருவுக்குள் நுழைந்தாள். தெரு வாசலுக்கு வந்திருந்தது. ரேஷன் கடைக்காரர், "எங்க, ஆளக் காணும்?" என்றார். "அவுக வீட்டுக்குப் போயிட்டாக" என்றாள். எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. சப்பரக் கமிட்டிக்காரர் கேட்டார். பாடகர் குழு மணியக்கா கேட்டாள். பதினோரு குடங்களுக்குச் சொந்தக்காரர்கள் பதினோரு பேரும் கேட்டார்கள். அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒவ்வொருவருக்கும் அதே மூன்று வார்த்தைகளை, ஓர் எழுத்தும் மாற்றாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அது உண்மையாகிக்கொண்டே வந்தது, தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது முழுசாக உண்மையாகியிருந்தது. கொடியில் வேட்டி காய்ந்து மொடமொடவென்று கிடந்தது.

ஆவுடையம்மாள் எதிர்ப்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் எங்கே என்று கேட்கவில்லை.

"பிள்ள குட்டிக்காரரு" என்றாள், முறத்திலிருந்து கண்ணெடுக்காமல். "போகத்தான செய்யணும்."

"ஆமாக்கா."

"சொல்லிட்டுத்தான் போனாரு. திடீர்னு எந்திரிச்சு நின்னு, தண்ணி ஏறுதா எறங்குதான்னு பாக்கிற மாதிரி காலப் பாத்துக்கிட்டு, 'சரி, நான் வாறேன்'னாரு." அவள் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "சாப்ட்டியாட்டீ?"

இந்தக் கேள்வியை ஆவுடையம்மாள் பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டுவருகிறாள். பூட்டைத் திறந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல், "ஆச்சுக்கா" என்று வடிவும் பன்னிரண்டு வருஷமாகப் பதில் சொல்லிவருகிறாள், சாப்பிட்ட நாளிலும், சாப்பிடாத நாளிலும், காய்ச்சலில் கிடந்து எழுந்த நாளிலும்.

செண்பகவடிவு சாவியைப் பூட்டில் நுழைக்காமல் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இல்லக்கா" என்றாள். "காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல."